தொட்டிலில் ஒரு பெட்ரோல் டேங்க்

ஏப்ரல் 28, திங்கள்

என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பதிவேட்டில் பதினெட்டுப் பக்கங்கள் எழுதாமல் கிடக்கின்றன. வீணாக்க மனமில்லை. லீவு முடிகிறவரை இதில் எழுதப் போகிறேன், பதிவேட்டுக்கு உரிய முறைப்படியே.

நோக்கம்: அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஜூன் 2ஆம் தேதிக்குள் ஓட வைப்பது.

காரணம்: அம்மாவுக்குச் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கான ஆர்டர் இன்று தபாலில் வந்தது. நான்கு வருடமாக அம்மா இறால் கம்பெனியில் நின்றபடியே இறால் உரிக்கிறாள். ஐஸ் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிவிட்டது. இது அரசாங்க வேலை. ஆனால் போட்டிருப்பது முள்ளன்விளை தொடக்கப் பள்ளியில். தூத்துக்குடியில் எங்கள் தெருவிலிருந்து உப்பளங்களைத் தாண்டிப் பதினான்கு கிலோமீட்டர். அந்த ஊருக்கு முதல் பஸ்ஸே பத்தரை மணிக்குத்தான். அம்மா எட்டு மணிக்குச் சமையல்கூடத்தைத் திறந்தாக வேண்டும். பள்ளி திறக்கும் நாளில் வந்து சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஆர்டரிலேயே போட்டிருக்கிறது.

புது வண்டி என்ற பேச்சுக்கு இடமில்லை. இருப்பது அப்பாவின் வண்டி. அதன் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் அப்பா ஊர் ஊராக மீன் விற்றார். இரண்டு வருடமாக முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே கியர் வண்டி ஓட்டத் தெரியும். லைசென்ஸைப் போன வருடம் புதுப்பித்தாள். எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஆர்டரை அப்பாவிடம் காட்டினோம். முழுவதும் வாசித்தார். நல்லது என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போதெல்லாம் அப்பாவுக்குத் தூக்கம் அதிகம்.

ஏப்ரல் 30, புதன்

மெக்கானிக் ராயப்பன் அண்ணன் வந்தார். ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, குழாய் மாட்டி, நேராக எஞ்சினுக்குக் கொடுத்து உதைத்தார். ஆறாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. எஞ்சின் இன்னும் இளசாக, குமரன் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்.

"யக்கா, உள்ள செங்கச்சூளை வச்சிருக்கீங்களா?"

நானும் எட்டிப் பார்த்தேன். செம்மண் நிறத்தில், ஈர வாடையோடு, ஏடு ஏடாகத் துரு. ஒரு ஏட்டை விரலால் தொட்டேன், நொறுங்கியது. இதில் பெட்ரோல் ஊற்றினால் இந்தத் தூள் எல்லாம் இறங்கி எஞ்சினுக்குப் போகிற வழியை அடைத்துவிடும். ஒரு கிலோமீட்டர்கூடப் போகாதாம். மாற்று டேங்க் இந்தப் பழைய மாடலுக்குக் கிடைக்காது. ஆசிட் ஊற்றினால் ஒரே நாளில் சுத்தமாகிவிடும், நாளைக்கே வாங்கி வருகிறேன் என்றார்.

அம்மா வேண்டாம் என்றாள். கொஞ்சம்தான், ஒரு லிட்டர் போதும் என்றார் அண்ணன்.

"அந்தச் சாமான் இந்த நடைக்குள்ள வரப்பிடாது, ராயப்பா."

ராயப்பன் அண்ணன் எதையும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஆனால் அப்பாவின் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரிக்கா," என்று தலை குனிந்துகொண்டார்.

பதிவேட்டில் பின்னணியும் எழுத வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. மீன் கூடையை இறக்கும்போது இடது பாதத்தில் கெளுத்தி முள் குத்தியது. புண் ஆறவில்லை. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வண்டியில் கியர் போடுவது இடது காலால். அதனால்தான் தார்ப்பாய்.

பிப்ரவரி மாதம் அப்பா மாத்திரையை எண்ணாமல் போட்டுக்கொண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதிலிருந்து அம்மா எல்லாவற்றிலும் கவனமாகிவிட்டாள். மாத்திரை டப்பா பீரோவுக்குள். பினாயில் பாட்டில் பக்கத்து வீட்டுப் பிரகாசி அத்தையிடம். அம்மா அப்பாவின் அறை வாசலில் குறுக்காகப் பாய் விரித்துப் படுக்கிறாள். அங்கேதான் காற்று வருகிறதாம்.

(இதன் கீழே ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.)

மே 2, வெள்ளி

நூலகத்தில் உலோகங்கள் பற்றிய புத்தகத்தை எடுத்து நின்றபடியே அரை மணி நேரம் வாசித்தேன். இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. அமிலம் துருவைக் கரைக்கும். அமிலம் என்றால் பாட்டிலில் புகைகிற ஆசிட்தான் என்று இல்லை. எலுமிச்சையிலும் இருக்கிறது, தயிரிலும் இருக்கிறது, புளியிலும் இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கை நாம் புளி போட்டு விளக்குவது இதனால்தான். படித்தவுடன் நூலகத்திலிருந்து வீடுவரை ஓடியே வந்தேன்.

டேங்கைக் கழற்றிச் சோப்புத்தூள் போட்டு ஐந்து தடவை அலசினேன், பெட்ரோல் வாடை போகிறவரை. அடியில் பெட்ரோல் இறங்குகிற ஓட்டையைச் சைக்கிள் டியூப் துண்டு வைத்து அடைத்தேன். ஒரு கிலோ பழைய புளியைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன்.

மே 3, சனி

ஊறுகிறது.

மே 5, திங்கள்

புளித் தண்ணீரை வாசலில் கொட்டினேன். பிரகாசி அத்தை படியில் நின்று பார்த்துவிட்டு, இது ரசமா மீன் குழம்பா என்று கேட்டார். அத்தை வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறார். தெருவில் நடக்கிற எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கருத்து உண்டு.

முடிவு: மெல்லிய துரு போயிருக்கிறது. தடித்த ஏடுகள் அப்படியே. புளி நார் உள்ளே சிக்கியதுதான் மிச்சம். கோணி ஊசியால் ஒன்றொன்றாக எடுத்தேன்.

கற்றது: முதலில் ஏடுகளை உதிர்க்க வேண்டும். பிறகுதான் ஊற வைக்க வேண்டும். வரிசை மாறிவிட்டது.

மே 7, புதன்

ராயப்பன் அண்ணன் ஒரு பை நிறையப் பழைய நட்டுகள் கொடுத்தார். அதை டேங்குக்குள் போட்டுக் குலுக்கினால் ஏடுகள் உடைந்து உதிரும். எண்ணிப் போடு, எண்ணி எடு, ஒன்று உள்ளே தங்கினாலும் ஆபத்து என்றார். அறுபது போட்டேன். அவர் கணக்குப்படி மொத்தம் இருபது மணி நேரம் குலுக்க வேண்டும்.

டேங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் பத்து நிமிடம் குலுக்கினேன். அம்மா கம்பெனியிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் பத்து நிமிடம் குலுக்கினாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். இந்த வேகத்தில் ஜூன் மாதம் வந்துவிடும்.

மே 8, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

எங்கள் கூடத்து உத்தரத்தில் என்னைத் தொட்டில் போட்ட கொக்கி இருக்கிறது. அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலையை நான்காக மடித்துத் தொட்டில் கட்டி, டேங்கை உள்ளே படுக்க வைத்து, கயிறு கட்டி இழுத்தேன். கரகரவென்று அறுபது நட்டுகளும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடின. ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மற்றக் கையில் புத்தகம் பிடித்து வாசிக்கவும் முடிந்தது.

அரை மணி நேரம் கழித்து அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. சத்தம் மண்டைக்குள் போகிறது என்றார். எனக்கு வருத்தமாகிவிட்டது. நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அப்பாதான்,

"ஒரு பக்கமாவே உருளுது, மயிலு. அடுத்த பக்கம் அப்படியேதான் இருக்கும். திருப்பிக் கட்டு."

எனக்கு முடிச்சு வரவில்லை என்றேன். எனக்கு முடிச்சு வரும். பொய்தான் சொன்னேன்.

ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஐஸ் பெட்டி கட்டுவதுபோல டேங்கைச் சுற்றி இரண்டு கட்டுப் போட்டார். பிறகு கயிற்றை என்னிடம் திருப்பித் தரவில்லை. மத்தியானச் சாப்பாடு வரை அவரே ஆட்டினார்.

அம்மா வந்ததும் சொன்னேன். கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெங்காயம் நறுக்கினாள்.

மே 11, ஞாயிறு

தினமும் அப்பாதான் ஆட்டுகிறார். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஒவ்வொரு அரை மணிக்கும் டேங்கை வேறு பக்கம் திருப்பிக் கட்டுகிறார்.

இன்று பிரகாசி அத்தை வாசலில் நின்று கேட்டார், "அண்ணாச்சி, தொட்டில்ல ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?"

"மூடியைத் தொறந்து பாத்தாத்தான் தெரியும்," என்றார் அப்பா.

அத்தை சிரித்துச் சிரித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கையில் கரண்டியோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மே 13, செவ்வாய்

நட்டுகளை எடுத்தோம். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன், ஐம்பத்தொன்பது. கவிழ்த்தோம், தட்டினோம், நிமிர்த்தினோம். கடைசியில் அம்மா உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்து நூலில் கட்டி உள்ளே விட்டாள். தூண்டில் போட்டதுபோல அறுபதாவது வந்தது.

கூடவே துரு ஒரு முறம் நிறைய வந்தது. டார்ச் அடித்தால் ஏடுகள் இல்லை. சுவரில் ஒட்டிய செம்பழுப்பு மட்டும் மிச்சம்.

மே 14, புதன்

அடுத்த கட்டம் எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது, சர்பத் கடைக்காரர்கள் வாங்குவார்கள். பொட்டலத்தின் மேல் சிட்ரிக் ஆசிட் என்று அச்சடித்திருந்தது. அம்மா அதை வாசித்துவிட்டுப் பையிலிருந்து வெளியே எடுக்கவே விடவில்லை.

இது சாப்பிடுகிற பொருள், ஜூஸில் போடுவது என்று விளக்கினேன். அம்மா பொட்டலத்தைக் கிழித்து ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் சரி என்றாள்.

அப்பா இதையெல்லாம் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சந்தனம், நான் இனி அப்படிச் செய்ய மாட்டேன்."

அம்மா பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். வெந்நீர் போடு மயிலு என்றாள். போட்டேன். டேங்க் நிறைய ஊற்றி மூடினோம்.

மே 16, வெள்ளி

டேங்குக்குள் இரும்பு தெரிகிறது. சாம்பல் நிறத்தில், மெழுகியதுபோல. அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூடித் துவாரத்தில் பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு என்னை. பிறகு மறுபடியும் தானே பார்த்தார்.

ஆப்பசோடா கரைத்து ஒரு தடவை அலசிப் புளிப்பை எடுக்க வேண்டும், பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைக்க வேண்டும். நாளைக்குச் செய்யலாம் என்று படுத்துவிட்டோம்.

மே 17, சனி

நான் எழுந்திருக்கும் முன்பே அப்பா எழுந்துவிட்டார். ஒற்றை ஆளாக, முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆப்பசோடா கலந்து, அடிகுழாயை ஒரு கையால் அடித்து, டேங்கை எட்டுத் தடவை கழுவியிருக்கிறார். நான் வந்தபோது கவிழ்த்து வைத்துவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"வேலை முடிஞ்சுது," என்றார். இரண்டு வருடத்தில் அப்பா முடித்த முதல் வேலை.

மே 18, ஞாயிறு

டேங்குக்குள் முழுவதும் ஆரஞ்சு நிறத் துரு. கீழிருந்து மேல்வரை. இடைவெளியே இல்லை.

அப்பா டார்ச்சை அணைத்துத் தரையில் வைத்தார். "நான் தொட்டது எதுவும் வெளங்காது," என்றார். உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

இன்னும் பதினைந்து நாள்.

மே 19, திங்கள்

அப்பா சாப்பிடவில்லை. அம்மா கம்பெனிக்கு லீவு சொன்னாள். சில நாளாகக் கூடத்தில் விரித்த பாயை மறுபடி அப்பாவின் அறை வாசலில் குறுக்காக விரித்தாள்.

மே 20, செவ்வாய்

காலை முழுவதும் யோசித்தேன். எலுமிச்சை உப்பு தவறில்லை, இரும்பைக் கண்ணால் பார்த்தோம். ஆப்பசோடாவும் தவறில்லை. அப்படியானால் மிச்சம் தண்ணீர்தான்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர். அடிகுழாயில் வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் அதுதான். நல்ல தண்ணீர் ஐந்து நாளுக்கு ஒரு தடவை முனிசிபல் குழாயில் வரும். வீட்டுக்கு ஆறு குடம். குடிக்க, உலை வைக்க மட்டும். நல்ல தண்ணீரில் கையைக் கழுவினாலே அம்மாவிடம் அடி விழும். எந்தச் சாமானையும் நல்ல தண்ணீரில் கழுவலாம் என்ற நினைப்பே இங்கே யாருக்கும் வராது. எனக்கும் வரவில்லை. அன்று அப்பா எனக்கு முன்பே எழுந்திருக்காவிட்டால் நானும் அடிகுழாயில்தான் கழுவியிருப்பேன்.

இரண்டு கண்ணாடித் தம்ளர் எடுத்தேன். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். தேய்த்துப் பளபளப்பாக்கிய ஆணி தம்ளருக்கொன்று. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், அவர் பார்க்கிற சுவரோரம் வைத்துவிட்டு வந்தேன். எது எந்தத் தண்ணீர் என்று தம்ளரில் எழுதி ஒட்டியிருந்தேன்.

மே 21, புதன்

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்திருந்தார். இரண்டு தம்ளரையும் மடியில் வைத்திருந்தார்.

உப்புத் தண்ணீர் ஆணியைச் சுற்றிச் செம்பழுப்பாகப் படிந்து தண்ணீரே கலங்கியிருந்தது. நல்ல தண்ணீர் ஆணியிலும் தலைப் பக்கம் கொஞ்சம் துரு இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல தண்ணீரில் துருவே வராது என்று காட்டத்தான் நினைத்திருந்தேன். ஆனால் சோதனையில் வந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா இரண்டு ஆணியையும் வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் பிடிக்கத்தான் செய்யுது. இது வேகமா, இது பைய." ஆணி இரண்டையும் வேட்டியில் துடைத்துவிட்டு, "அப்ப நல்ல தண்ணியானாலும் நிக்க விடப்பிடாது. கழுவுன கையோட காய வச்சுரணும்."

நான் அந்த இரண்டாவது பாதியை யோசிக்கவே இல்லை. அப்பாவும் கவிழ்த்து நிழலில் வைத்திருந்தார், அன்று முழுக்க ஈரம் உள்ளேயே இருந்திருக்கிறது. அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, சோறு இருக்கா என்று கேட்டார்.

அம்மா தட்டை எடுத்த வேகத்தில் மேலே இருந்த இரண்டு தட்டு கீழே விழுந்தன.

மே 22, வியாழன்

மறுபடி எலுமிச்சை உப்பு. மெல்லிய துருதான், ஆகவே ஒரு நாள் போதும். நல்ல தண்ணீர் நாளைக்குத்தான் வரும்.

மே 24, சனி

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

நேற்று வந்த நல்ல தண்ணீர் ஆறு குடம் அடுக்களையில் வரிசையாக இருந்தது. அப்பா முற்றத்தில் டேங்கை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு குடம் கொடுத்தால் போதும், சிக்கனமாகக் கழுவிவிடுகிறேன் என்றார். அம்மா ஒரு குடத்தைத் தூக்கி வந்தாள். அதில் ஆப்பசோடா கலந்து கழுவினார். போய் இரண்டாவதைத் தூக்கி வந்தாள். அப்பா போதும் என்றார். மூன்றாவதைத் தூக்கி வந்தாள்.

"ஏளா, உலைக்கு என்ன செய்வே?"

"ஊத்துங்க."

நான்காவது குடத்தை அவளே டேங்குக்குள் சாய்த்தாள். நான்கு குடம் நல்ல தண்ணீர் முற்றத்துத் தரையில் ஓடி மண்ணில் இறங்கியது. தெருவில் யாரும் இப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். பிரகாசி அத்தை மதில் மேல் எட்டிப் பார்த்து, சந்தனமாரிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நிமிடத்தில் இடுப்பில் ஒரு குடத்தோடு திரும்பி வந்தார்.

அடுத்தது காயவைப்பது. வெயிலில் வைத்தால் மேற்புறம் சுடும், உள்ளே மூலையில் ஈரம் நிற்கும். ஊதுகிற காற்று வேண்டும் என்றார் அப்பா. அத்தை சொன்னார், "எங்கிட்ட தலை காய வைக்கிற மெஷின் இருக்குல்லா, அண்ணாச்சி."

டேங்குக்குள் பெட்ரோல் வாடை ஒரு துளிகூட இல்லை என்று நாங்கள் நான்கு பேரும் மாறி மாறி முகர்ந்து பார்த்தோம். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு பார்லருக்குப் போனோம். சுழல் நாற்காலியில் துண்டு விரித்து டேங்கை உட்கார வைத்தோம். அத்தை மூடித் துவாரத்துக்குள் வெந்நீர் ஆவி மாதிரி சூடான காற்றை விட்டார். கண்ணாடியில் டேங்கின் பிம்பம் தெரிந்தது. புருவம் திருத்த வந்திருந்த ஒரு அக்கா எழுந்து போகலாமா இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனையோ மண்டை பாத்திருக்கேன். இப்படி உள்ள ஒண்ணுமே இல்லாத மண்டைய இன்னைக்குத்தான் பாக்கேன்," என்றார் அத்தை.

நாற்பது நிமிடம். விரலை விட்டுத் தடவினால் தூள்கூட ஒட்டவில்லை. ராயப்பன் அண்ணன் சொன்னபடி, மறுபடி துரு பிடிக்காமல் இருக்க உடனே எஞ்சின் ஆயில் கொஞ்சம் ஊற்றி, அப்பா டேங்கை மடியில் வைத்து எல்லாப் பக்கமும் உருட்டினார்.

மத்தியானம் உலை வைக்கவில்லை. அத்தை வீட்டில் சாப்பிட்டோம்.

மே 25, ஞாயிறு

ஆரஞ்சு இல்லை.

மே 26, திங்கள்

இல்லை.

மே 27, செவ்வாய்

இல்லை. அப்பா ஒரு நாளைக்கு நான்கு தடவை பார்க்கிறார். நான் பதிவேட்டுக்காக ஒரு தடவை.

மே 29, வியாழன்

ராயப்பன் அண்ணன் டேங்கை மாட்டினார், உள்ளே இருந்த ஆயிலை வடித்துவிட்டுப் பெட்ரோல் ஊற்றினார். டேங்கின் அடியிலுள்ள குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்துப் பார்த்தோம். தெளிவாக இருந்தது. மூன்றாவது உதையில் வண்டி எழுந்தது. ராயப்பன் அண்ணன் நிறுத்திவிட்டு, எந்தக் கடையில் செய்தது என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டினார். நான் அம்மாவைக் காட்டினேன். அம்மா பார்லரைக் காட்டினாள்.

ஜூன் 1, ஞாயிறு

உப்பளத்துக்குப் போகிற மண் சாலையில் பயிற்சி. அம்மா சுடிதார் போட்டுக்கொண்டாள், பிரகாசி அத்தை மகளுடையது, கொஞ்சம் நீளம். அப்பா பின்னால் உட்கார்ந்து ஊன்றுகோலைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டார். நான் ஓரத்தில் நின்றேன்.

முதல் ஐந்து தடவை வண்டி துள்ளி நின்றுவிட்டது. இருபது வருடம் ஆயிற்றே என்று அம்மா சொன்னாள். கிளட்சைப் பைய விடு என்று அப்பா, பையத்தானே விடுகிறேன் என்று அம்மா. ஆறாவது தடவை போனது. இரண்டு பக்கமும் வெள்ளையாக உப்புக் குவியல்கள், நடுவில் அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். திரும்பி வருவார்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. வந்தார்கள். அம்மாவின் முகம் முழுக்கப் புழுதி.

தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அப்பா நாளைக்கு நானும் வருகிறேன் என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அப்பா தெருவைத் தாண்டியதில்லை.

ஜூன் 2, திங்கள்

எனக்கும் பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம்.

சாயங்காலம் வந்ததும் அம்மாவும் அப்பாவும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் திருத்தியதால் கதை முன்னால் போகவே நேரமானது. ரயில்வே கேட்டில் வண்டி அணைந்துவிட்டிருக்கிறது. அணையவில்லை, அம்மா கியரில் வைத்தே கிளட்சை விட்டுவிட்டாள் என்பது அப்பாவின் திருத்தம். கேட் திறந்துவிட்டது. பின்னால் உப்பு லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. அம்மா உதைக்கிறாள், உதைக்கிறாள், வண்டி எழவே இல்லை. மணி ஏழு நாற்பது. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, அந்தப் பொம்பளையிடம் வண்டியை ஓரமாகத் தள்ளச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அப்பா இறங்கினாராம். இடது கைக்கு அடியில் ஊன்றுகோலைக் கொடுத்து நின்று, வலது காலால் உதைத்தாராம்.

"உதைக்கது வலது காலாலதானே," என்றார் அப்பா, என்னைப் பார்த்து. "அது எங்கிட்ட இருக்குல்லா. இத்தனை நாளா எனக்கு இது தோணவே இல்ல பாரு."

ஒரே உதை என்றார். இரண்டு என்றாள் அம்மா.

ஏழு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அப்பா பள்ளிக்கூட வேப்ப மரத்தடியில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தாராம். எண்பத்திரண்டு பிள்ளைகள். அரிசியில் கல் எடுக்க ஆள் போதவில்லை என்று அப்பாவிடமும் ஒரு முறத்தைக் கொடுத்துவிட்டார்களாம்.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன்.

இன்று அம்மா தனியாகப் போகிறேன் என்றாள். அப்பா சட்டை மாட்டியிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பொத்தானைக் கழற்றினார். சரி, போ என்றார்.

அம்மா தானே உதைத்தாள். நான்காவதில் எழுந்தது. தெரு முனையில் திரும்பும்போது கையை எடுக்கப் பயந்து, தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்பா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கண்ணில் இல்லை, சத்தம் மட்டும்தான். ரெண்டாம் கியர் போட்டுட்டா என்றார். சத்தம் மாறியது. மூணு என்றார். பிரதான சாலையில் பஸ் ஒன்று போனது, அதில் அம்மாவின் சத்தம் மறைந்துவிட்டது. பஸ் போன பிறகு மெல்லிசாகத் திரும்பக் கேட்டது, சீராக, ஒரே கோடு இழுத்தமாதிரி.

"நாலு," என்றார் அப்பா.

உள்ளே வந்தார். நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் டப்பா டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. அரிசி எதில் இருக்கிறது என்று கேட்டார். நீலத் தூக்குவாளியில் என்றேன்.

"ஊருக்கெல்லாம் பொங்கிப் போட்டுட்டு வருவா. வந்து இங்கயும் அவளே அடுப்புப் பத்த வைக்கணுமாக்கும்."

மூன்று உழக்கு அளந்து பாத்திரத்தில் போட்டார். நான் பள்ளியில் சாப்பிட்டுக்கொள்வேன், அம்மாவும் அங்கேயே சாப்பிட்டுவிடுவாள், மத்தியானத்துக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டேன்.

"எனக்குப் பசிக்கும்லா," என்றார்.